யானைமேல் மாண்ட மன்னனும் மணிமங்கலத்துச் சுவரும்

தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய இராஜராஜனைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கங்கைவரை சேனையை நடத்தியும், கடல் கடந்து கடாரத்தை வென்றும், தந்தையின் கீர்த்திக்கு ஈடாகத் தன் கீர்த்தியை நாட்டிய இராஜேந்திரனையும் பள்ளிப் பிள்ளைகள் முதல் யாவரும் அறிவர். ஆனால் அந்த இராஜேந்திரனுக்கு மைந்தனாய்ப் பிறந்து, அவனோடு இணைந்து 26 ஆண்டுகளும், அவன் மறைந்தபின் தனித்து ஏறக்குறைய 10 ஆண்டுகளும் ஆண்டு, முடிவில் போர்க்களத்தில் யானைமீது இருந்தபடியே உயிர்நீத்த முதலாம் இராஜாதிராஜனைப் பற்றிக் கேட்டால், சரித்திரத்தில் பற்றுடைய நண்பர்கள்கூட, "கொப்பத்துப் போரில் இறந்தவன்தானே?" என்று ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் இருந்த நெடிய வாழ்க்கையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்கு ஊர்ப்பாசமும் ஒரு காரணம். வண்டலூரில் குடியிருக்கும் எங்களுக்கு, மண்ணிவாக்கத்தைத் தாண்டி வெளிவட்டச் சாலைக்கு அப்பால் சென்றால் பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிற மணிமங்கலம் அடுத்த வீடு போன்றது. அந்த மணிமங்கலத்து இராஜகோபாலப் பெருமாள் கோயிலின் சுவரிலேதான் இராஜாதிராஜன் செய்த போர்களின் வரலாறு, அவன் உயிரோடு இருந்த காலத்திலேயே, ஒழுங்காக வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அவனுக்குப் பின் பட்டமெய்திய தம்பி இரண்டாம் இராஜேந்திரனுடைய சாசனமும், அவனுக்கும் பின் வந்த தம்பி வீரராஜேந்திரனுடைய சாசனமும் அதே கோயிலில் உள்ளன. கங்கைகொண்ட சோழனுடைய மக்கள் மூவரும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து, தங்கள் கதையை நமக்குச் சொல்லுகிற ஊர் அது.

மணிமங்கலத்தின் பழமை சோழரோடு தொடங்கியதும் அன்று. ஏழாம் நூற்றாண்டில் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தபோது, முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் அவனை முறியடித்த களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைக் குறிப்பிடுகிறது. சோழர் காலத்தில் இது செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டில் இராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரோடு விளங்கிய பிரமதேயம். பெரிய ஏரியொன்று இருந்தமையால் நெல்லுக்குக் குறைவில்லை. அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது என்பதை, 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

சாசனத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னனைப் பாடுவதற்காக எந்த ஊரும் கல்லில் எழுதவில்லை. கோயிலுக்கு நிலம் விடுவது, நிலம் விற்பது, விளக்கெரிக்கப் பொன் வைப்பது, வரி நீக்குவது ஆகிய விவகாரங்களுக்கு ஓர் அழியாத பத்திரம் வேண்டியிருந்தது. பத்திரத்துக்குத் தேதி வேண்டும். தேதிக்கு ஆளுகின்ற அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் வேண்டும். அந்தப் பெயருக்கு முன்னே, முதலாம் இராஜராஜன் தொடங்கிவைத்த வழக்கப்படி, அரசனுடைய வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி என்ற பாட்டு வரும். அரசவையில் இயற்றப்பட்ட அந்தப் பாட்டு ஓலை வழியாக நாடெங்கும் சென்றது. புதிய வெற்றி ஒன்று கிடைத்ததும் பாட்டின் வாலில் சில அடிகள் கூடின. அந்த அந்த ஆண்டில் நடப்பிலிருந்த வடிவத்தை அந்த அந்த ஊர்க் கல்தச்சன் சுவரில் வெட்டினான். ஆகவே ஒரே மன்னனுடைய சாசனங்களை ஆட்சியாண்டு வரிசையில் அடுக்கினால், எந்தப் போர் முந்தியது, எது பிந்தியது என்பது தானே விளங்கிவிடும். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் சோழர் சரித்திரத்தை எழுதியது பெரும்பாலும் இந்த முறையினாலேதான்.

இராஜாதிராஜன் பட்டத்துக்கு வந்தது 1018இல். தந்தை இராஜேந்திரனோ அரியணை ஏறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தவன்; முதுமையோ நோயோ அவனை வருத்தவில்லை; இருந்தும் மகனுக்கு முடிசூட்டித் தன்னோடு சமமாக ஆட்சியில் அமர்த்திக்கொண்டான். தான் இருக்கும்போதே வாரிசைத் தேர்ந்து, நாட்டுக்கு அறிமுகப்படுத்தி, படையும் பொறுப்பும் கொடுத்துப் பழக்கிவைப்பது சோழர் மேற்கொண்ட மிக நுட்பமான அரசியல் ஏற்பாடு என்பது என் உறுதியான அபிப்பிராயம். இராஜராஜன் இராஜேந்திரனுக்கு அதைச் செய்தான். இராஜேந்திரன் இவனுக்குச் செய்தான். இவனுடைய மெய்க்கீர்த்தி, திங்களின் பெயரைச் சொல்லித் தொடங்கி, சிற்றப்பன்மாருக்கும் தம்பியருக்கும் மக்களுக்கும் வானவன், மீனவன், கங்கன், இலங்கையர்கோன் முதலிய பட்டங்களை வழங்கி அவரவர்க்கு ஒவ்வொரு நாட்டை அளித்த செய்தியை முதலில் கூறுவதும் இதை ஒட்டியே. உறவினர் அரியணைக்குப் போட்டியாவதற்குப் பதிலாக ஆட்சியில் பங்காளியாக வேண்டும் என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது.

தொலைவில், அதே நூற்றாண்டில், இந்த ஏற்பாடு இல்லாத ஒரு நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும். நம் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் படித்தவர்கள் யாவரும் அறிந்த மக்பெத், கற்பனை மனிதன் அல்லன். 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட மெய்யான மன்னன். நம் இராஜாதிராஜனின் சமகாலத்தவன். நாடகத்தில் முதியவனாய், விருந்தாளியாய் வந்து தூக்கத்தில் கொல்லப்படுகிற டங்கன், உண்மையில் இளைஞன். எல்கின் அருகே நடந்த போரில் மாண்டவன். அந்நாட்டில் அரசுரிமை தந்தையிலிருந்து மகனுக்கென்று நிலைபெறவில்லை. அரச குலத்தின் கிளைகளுக்கிடையே மாறிமாறிச் செல்வதும், மாறும்போதெல்லாம் இரத்தம் சிந்துவதும் வழக்கமாயிருந்தன. 1057இல் டங்கனுடைய மகன் மால்கம் லம்ஃபனன் என்னுமிடத்தில் மக்பெத்தைக் கொன்றான். அடுத்து வந்த வளர்ப்பு மகன் லூலாக்கும் 1058இல் கொல்லப்பட்டான். ஆனால் அந்த மக்பெத் 1050இல் உரோமாபுரிக்கு யாத்திரை சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரியிறைத்தான் என்று அக்காலத்துத் துறவி மரியானஸ் எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு நெடுநாள் நாட்டைவிட்டு விலகியிருக்க முடிந்ததென்றால், இடையில் ஓரளவு அமைதியும் இருந்திருக்க வேண்டும். அவனும் அவன் மனைவி குரூவாக்கும் லாக் லெவன் ஏரித்தீவிலிருந்த துறவிகளுக்கு நிலம் கொடுத்த ஒரு குறிப்பும் எஞ்சியுள்ளது. அங்கும் நிலதானமே மன்னனின் மெய்வாழ்வுக்குச் சாட்சி என்பதைப் படித்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டாயிற்று.

இனி மணிமங்கலத்துச் சுவருக்கு வருவோம். இராஜாதிராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1046, அந்தச் சாசனத்தின் காலம். அதில் பாண்டிநாட்டுப் போர் இவ்வாறு வருகிறது: மானாபரணன், வீரகேரளன், சுந்தரபாண்டியன் என்ற மூவரும் ஒன்றுகூடிச் சோழனை எதிர்த்தனர்; மானாபரணனுடைய பொன்முடி தரித்த தலை களத்தில் அறுபட்டது; வீரகேரளன் பிடிபட்டு அத்திவாரணம் என்ற பட்டத்து யானையின் காலில் இடறுண்டான்; சுந்தரபாண்டியன் குடை, கவரி, அரியணை யாவும் இழந்து, தலைவிரிகோலமாய் முல்லையூருக்கு ஓடினான். பின்னர்ச் சேனை மலைநாட்டில் புகுந்தது. வேணாட்டரசன் விண்ணுலகம் சென்றான். காந்தளூர்ச்சாலையில் கலங்கள் அழிந்தன.

ஈழத்துப் பகுதி இதனினும் கொடிது. விக்கிரமபாகு, விக்கிரமபாண்டியன், வீரசலாமேகன், ஸ்ரீவல்லப மதனராஜன் என்னும் நால்வருடைய முடிகளையும் இராஜாதிராஜன் கைக்கொண்டதாகச் சாசனம் பெருமிதத்தோடு அடுக்குகிறது. அந்நால்வருள் கன்னக்குச்சியை விட்டு வந்த வீரசலாமேகன் தோற்று ஓடியபோது, அவனுடைய தமக்கையும் பெண்டிரும் சிறைப்பட்டனர் என்றும், அவனைப் பெற்ற தாயின் மூக்கு அரியப்பட்டது என்றும் வெட்கமின்றி எழுதப்பட்டிருக்கிறது. அயோத்தியிலிருந்து வந்து உரோகணத்தை ஆண்ட ஜகதீபாலன் என்பவனைச் சோழர் கொன்று, அவன் தேவியையும் மகளையும் பொருளோடு தங்கள் நாட்டுக்கு அனுப்பினர் என்று இலங்கையின் சூளவம்சம் கூறுவது இந்நிகழ்ச்சியையே குறிக்கும் என்று அறிஞர் கருதுவர். சோழர் வரலாற்றை நெஞ்சில் நேசத்தோடு பயிலுகிற நான், இந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துரைப்பது நேர்மையாகாது என்று எண்ணுகிறேன். ஒரு முதிய பெண்ணுக்கு இழைத்த தீங்கை வெற்றிப்பட்டியலில் சேர்த்து, ஊர்தோறும் கோயிற்சுவரில் வெட்டுவித்த அரசவையின் மனநிலையையும் சேர்த்தே நாம் அறிய வேண்டும்.

இராஜாதிராஜனுடைய வாழ்நாட்பகை சளுக்கியரோடு. 1042இல் கல்யாணபுரத்து அரியணையில் அமர்ந்த முதலாம் சோமேசுவரன், ஆகவமல்லன் என்றும் திரைலோக்கியமல்லன் என்றும் பட்டப்பெயர் பூண்டவன், எளிதில் அடங்கும் எதிரி அல்லன். வேங்கிநாடு யாருடைய ஆதிக்கத்தில் இருப்பது என்பதே இரு பேரரசுகளுக்கும் இடையே தீராத வழக்கு. கிருஷ்ணை கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்த வளமான நாட்டுக் கீழைச் சளுக்கிய அரசனுக்கு இராஜராஜன் தன் மகள் குந்தவையை மணம் முடித்துக் கொடுத்திருந்தான். சோழர்க்கு அது மருமகன் வீடு. கல்யாணபுரத்தார்க்கோ தம் கிழக்கு வாயில். முதற்போரில் கண்டப்பையன், கங்காதரன் முதலிய சளுக்கியத் தளபதிகள் யானைகளோடு மாண்டனர், ஆகவமல்லன் மக்களான விக்கியும் விஜயாதித்தனும் புறமிட்டனர், கொள்ளிப்பாக்கை எரிந்தது. மறுபடி நடந்த படையெடுப்பில் கம்பிலி நகரத்து மாளிகை இடித்துத் தகர்க்கப்பட்டது. 1046ஆம் ஆண்டுச் சாசனம், அசுவமேதம் செய்த செய்தியோடு, அந்த அளவில் நிற்கிறது.

அதற்குப் பின் நடந்தவை பிற ஊர்ச் சாசனங்களில் உள்ளன. சோழன் பாசறைக்கு ஆகவமல்லன் தூதரை அனுப்பினான். அவர்களுள் ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்து ஆகவமல்லன் என்றும், மற்றவனுக்குப் பெண்ணுடை உடுத்து ஆகவமல்லி என்றும் பெயரிட்டுத் திருப்பியனுப்பினார்களாம். இந்த அவமதிப்பைத் தொடர்ந்து சேனை கல்யாணபுரத்துக்குள்ளேயே புகுந்து நகரை அழித்தது. பகைவனின் தலைநகரில் இராஜாதிராஜன் வீராபிஷேகம் செய்துகொண்டு விஜயராஜேந்திரன் என்ற பெயரைச் சூடினான்.

இச்செய்தியில் ஐயம் கொள்ளுவோர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குச் சென்று பார்க்கலாம். தாராசுரம் கோயிலிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட துவாரபாலகர் சிலை ஒன்று இருக்கிறது. சோழநாட்டுச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். கல்லின் நிறம் வேறு, அணிகளின் செதுக்கு வேறு, முகத்தின் உருட்சி வேறு. பீடத்தில் மட்டும் தமிழ் எழுத்து: உடையார் விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்று தெரிவிக்கிற ஒரே வாசகம். கன்னடநாட்டுச் சிற்பி செதுக்கிய உருவமும், தமிழ்நாட்டுத் தச்சன் வெட்டிய எழுத்தும் ஒரே கல்லில் நிற்கின்றன. மெய்க்கீர்த்திப் புலவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்பது உண்மையே. ஆனால் இத்தனை கனமான கல்லை நூற்றுக்கணக்கான கல் தொலைவு வண்டியேற்றிக் கொண்டுவந்ததை மிகைக்கூற்று என்று தள்ள முடியாது.

போரைத் தவிர இவன் ஆட்சியில் வேறொன்றும் நிகழவில்லை என்று நினைக்கக் கூடாது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருபுவனையில் 1048ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த ஒரு கலாசாலையைப் பற்றிச் சொல்லுகிறது. அவர்களுக்கு உணவும் ஊதியமும் நெல்லாக அளக்கப்பட்டன. அரசன் துங்கபத்திரைக்கு அப்பால் பாசறையில் இருந்த ஆண்டுகளிலும், கிராம சபைகள் கூடின, ஏரிகள் பராமரிக்கப்பட்டன, பாடங்கள் நடந்தன. மணிமங்கலத்து மகாசபையார் நில விவகாரத்தை முடித்துக் கல்லில் வெட்டியதும் அந்தச் சலனமற்ற நிர்வாகத்தின் அடையாளமே.

கொப்பத்துப் போர் 1054இல் நடந்தது. கொப்பம் எது என்பதில் அறிஞர்க்குள் ஒற்றுமை இல்லை. துங்கபத்திரைப் பக்கத்துக் கொப்பளம் என்பர் சிலர், கிருஷ்ணைக் கரையிலுள்ள கித்ராபூர் என்பர் சிலர். பேராற்றங்கரை என்று சாசனம் கூறுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தனக்கு மக்கள் இருந்தும், தம்பி இராஜேந்திரனை யுவராஜனாக நியமித்திருந்தான் இராஜாதிராஜன். அரசன் என்பவன் பின்னணியில் பாதுகாப்பாக நிற்பது அக்காலத்து மரபன்று. அண்ணன் களத்தின் முன்னணியில் யானைமீது நின்றான், தம்பி துணைப்படையோடு பின்னே இருந்தான். சளுக்கிய சேனை தன் வன்மையை எல்லாம் அந்த ஒரு யானையின்மீது திருப்பிற்று. மன்னன் அம்பாரியிலேயே மாண்டான். தலைவன் வீழ்ந்ததும் சோழர் அணிகள் குலைந்தன. அப்போது தம்பி தன் யானையைச் செலுத்தி முன்னே வந்தான். அம்புகள் அவன் யானையின் நெற்றியையும் அவன் தொடையையும் துளைத்தன. உடனிருந்த வீரர் வீழ்ந்தனர். அவன் மட்டும் பின்வாங்கவில்லை. ஆகவமல்லனின் தம்பி ஜயசிங்கன் உட்படப் பலர் இறந்தனர். சத்துருபயங்கரம், கரபத்திரம், மூலபத்திரம் என்ற பெயர்பெற்ற யானைகளும், சத்தியவ்வை, சாங்கப்பை என்ற தேவியரும் சோழர் கையகப்பட்டனர். அண்ணன் மாண்ட அந்தக் களத்திலேயே, புண்ணோடு நின்று, தம்பி முடிசூடிக்கொண்டான்.

இவ்விவரங்களுள் பெரும்பாலானவற்றை இரண்டாம் இராஜேந்திரனின் நான்காம் ஆட்சியாண்டில் வெட்டிய மணிமங்கலத்துச் சாசனத்தில் காணலாம். முன்னரே வாரிசு குறிக்கப்பட்டிருந்தமையால்தான், அரசன் மாண்ட கணத்தில் தளபதிகளுக்கு யாரைப் பின்பற்றுவது என்ற குழப்பம் நேரவில்லை. பெற்ற மக்களை விட்டுத் தம்பியைத் தேர்ந்த இராஜாதிராஜனின் முடிவு, அவன் இறந்த நாளிலேயே சோழப் பேரரசைக் காத்தது. அவன் செய்த எந்தப் படையெடுப்பையும்விட, இந்த ஒரு முடிவே அவனுடைய பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

எதிர்த்தரப்பார் வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும். கர்நாடகத்து அண்ணிகேரியில் 1071ஆம் ஆண்டளவில் பொறித்த சளுக்கியர் சாசனம், சோழன் தன் குலதர்மத்தைக் கைவிட்டுப் பெள்வொல நாட்டில் புகுந்து சமணப் பள்ளிகளை எரித்தான் என்றும், அந்தப் பாவத்தின் பயனாகவே திரைலோக்கியமல்லனிடம் போரில் தலையைக் கொடுத்தான் என்றும் சொல்லுகிறது. நம் சுவர் வீரனாகக் காட்டுகிறவனை அவர்கள் சுவர் பாதகனாகக் காட்டுகிறது. கல்யாணபுரத்தையும் கம்பிலியையும் கொள்ளிப்பாக்கையையும் எரித்ததாகத் தானே பெருமை பேசிய மன்னன், பள்ளிகளை மட்டும் தொட்டிருக்கமாட்டான் என்று வாதாட எனக்கு மனமில்லை. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குச் சோழர் சேனை என்ற பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதைப் பொன்னேட்டு வரலாற்றில் மயங்கும் நாம் ஒருகணமாவது எண்ணிப்பார்க்க வேண்டும்.

இறந்தபின் அவனுக்குச் சாசனங்களில் "ஆனைமேல் துஞ்சின உடையார்" என்று ஒரு பெயர் நிலைத்தது. சோழ வமிசத்தில் களத்தில் இறந்தவன் இவன் ஒருவன் அல்லன். ஒரு நூற்றாண்டுக்கு முன் தக்கோலத்தில் இராஜாதித்தனும் யானைமீதே மாண்டான். ஆனால் இராஜாதித்தன் இளவரசன். இவனோ முடிசூடி ஆண்ட மன்னன். தக்கோலத்தின் தோல்வி சோழரை ஒரு தலைமுறைக் காலம் ஒடுக்கிற்று. கொப்பத்தின் மரணம் அவர்களை ஒருநாள்கூட ஒடுக்கவில்லை.

மணிமங்கலத்து மூன்றாவது சாசனம் வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆண்டுக்குரியது, 1067. ஆகவமல்லன், முன்பு பொருத கூடலிலேயே மறுபடி பொருவோம், வாராதவன் அரசனல்லன் என்ற கருத்தில் ஓலை விடுத்ததும், வீரராஜேந்திரன் கரந்தையில் சேனையோடு ஒரு மாதம் காத்திருந்ததும், ஓலை விடுத்தவன் வாராமற்போனதும் அதில் விரிவாக இருக்கின்றன. புலவர் அதை அச்சம் என்று எழுதினார். ஆனால் ஆகவமல்லன் தீராத நோயால் வருந்தியவன். 1068 மார்ச்சு மாதத்தில் குருவத்தி என்னும் இடத்தில் துங்கபத்திரையில் இறங்கித் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இராஜாதிராஜனை யானைமீது வீழ்த்தியவனின் முடிவும் இவ்வாறு ஆயிற்று.

தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிமங்கலத்துக்குச் செல்லும்போது பெருமாளைச் சேவித்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ஷ் துரை இந்தச் சாசனங்களைப் பதிப்பித்திருக்கிறார். அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் சுவரருகே நின்றால், வடசொற்களுக்குக் கிரந்தமும் மற்றவற்றுக்குத் தமிழும் கலந்து ஓடும் எழுத்துக்கள் மெல்ல மெல்லப் பிடிபடும். மானாபரணன் என்ற பெயரை முதலில் தேடுங்கள். கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் யானையின் முதுகு போன்ற விமானத்தோடு தர்மேசுவரர் கோயில் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுவரில் எண்ணெய் தடவுவதையும் சுண்ணாம்பு அடிப்பதையும் யாராவது செய்யக் கண்டால், கோபமின்றி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.